கருணைக்கு அனுமதி, சங்கத்துக்குத் தடை!

2025 மே 8ஆம் தேதி ரோமாபுரியில் புதிய போப்பாண்டவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 14ஆம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஏன் இந்தப் பெயர் என்பதை இரண்டு நாள் கழித்து அவரே கர்தினால்மார்களிடம் கூறினார். 1891ஆம் ஆண்டில் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றித் திருச்சபை முழுவதற்கும் மடல் எழுதிய 13ஆம் லியோவை மனதில் கொண்டே இப்பெயரை எடுத்தாராம். அதே ஆண்டு அக்டோபரில், ஏழைகளின்பால் கொள்ள வேண்டிய அன்பைப் பற்றி நீண்ட மடல் ஒன்றையும் வெளியிட்டார். காலஞ்சென்ற போப் பிரான்சிஸ் தொடங்கி வைத்துவிட்டுப் போனதை இவர் முடித்திருக்கிறார். தருமம் செய்வதை விட்டுவிடாதீர்கள் என்று அம்மடல் சொல்கிறது. வறுமையை உண்டாக்கும் அமைப்பையே மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது.

"போப்பாண்டவர் என்ன எழுதினால் நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். நமக்கு நிறையவே உண்டு என்கிறோம். நம்மோடு ஒரே ஷிப்டில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவர், நம்மோடு ஒரே வரப்போரம் குனிந்து நாற்று நடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முழந்தாளிடுகிறார். அங்கே பிரசங்க மேடையிலிருந்து அவர் காதில் விழுவது என்ன? "பொறுத்துக்கொள், பரலோகத்தில் பலன் உண்டு" என்பதா? "கூலியைப் பிடித்து வைப்பவன் பாவி" என்பதா? எது விழுகிறதோ அதைப் பொறுத்து மறுநாள் ஆலை வாசலில் நம் பலம் கூடும் அல்லது குறையும்.

இந்த இரண்டு குரலும் கிறிஸ்தவ மதத்துக்குள்ளேயே இருப்பவை. கூலிக்காரனின் பாட்டை நேரில் கண்டவர்கள் எழுதிய பக்கங்கள் பைபிளில் ஏராளம். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்று மோசேயின் சட்டம் கட்டளையிடுகிறது. அன்றாடக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது. யாத்திராகமத்தில் எகிப்து மன்னன், செங்கல் அறுக்கும் அடிமைகளுக்குக் கொடுத்து வந்த வைக்கோலை நிறுத்துகிறான். வைக்கோலை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், ஆனால் நாள் கணக்குச் செங்கல்லில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்கிறான். ஏனென்று கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுகிறான். வேலைப்பளு உயர்வு என்றால் என்னவென்று நம் பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்! அறுவடை ஆட்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட நிலச்சொந்தக்காரர்களை யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் கண்டிக்கும் கண்டனம், எந்த விவசாயத் தொழிலாளர் மாநாட்டுத் தீர்மானத்துக்கும் சளைத்ததல்ல.

ஆனால் அதே புத்தகத்தில்தான், அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று போதிக்கும் நிருபங்களும் இருக்கின்றன. எந்தப் பக்கத்தை யார் விரித்துப் படிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

13ஆம் லியோவின் 1891ஆம் ஆண்டு மடலும் இப்படி இரண்டு முகம் கொண்டதுதான். அது தனிச்சொத்தைத் தொடக் கூடாத உரிமை என்கிறது, சோஷலிசத்தை நிராகரிக்கிறது, வேலைநிறுத்தத்தைத் தீங்கு என்கிறது. இவற்றில் நமக்கு உடன்பாடு கிடையாது; அதை ஒளிக்கவும் மாட்டோம். ஆயினும் அதே மடலில் இன்னொன்று எழுதியிருக்கிறது. "அவன் சம்மதித்துத்தானே இந்தக் கூலிக்கு வந்தான்?" என்று முதலாளி கேட்கிறானே, அந்த வாதத்தை அது ஏற்கவில்லை. சிக்கனமாய் நடந்துகொள்ளும் தொழிலாளி பிழைக்கக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும். கதியற்றுப்போய் அதற்குக் குறைந்ததற்கு ஒருவன் ஒப்புக்கொண்டால் அவன் பலாத்காரத்துக்கும் அநீதிக்கும் ஆளானவன் என்று அது தீர்ப்புச் சொல்கிறது. தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பதையும் ஒப்புக்கொள்கிறது. "இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்று பேசும் முதலாளிகளின் முகத்துக்கு நேரே நீட்டத்தக்க வாசகம்தான்.

மடல் எழுதுவது ஒரு காரியம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலைக்குள்ளேயே போனவர்களுக்கு என்ன நேர்ந்தது? பிரெஞ்சு நாட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நம் தொழிலாளர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது உலக யுத்த காலம். 1941இல் லேவ் என்ற தொமினிக்கன் துறவி, மார்சேல்ஸ் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கூலியாக வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளரைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. 1943இல் கொதேன், தனியேல் என்ற இரண்டு பாதிரியார்கள் ஒரு நூல் எழுதினார்கள். பிரான்ஸ் கிறிஸ்தவ நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் தொழிலாளர் குடியிருப்புகளில் திருச்சபை இல்லவே இல்லை, அங்கே நாம் அந்நியர் என்பதே அதன் சாரம். பாரிஸ் நகரத்தின் கர்தினால் சுஹார் அதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று கூறுவார்கள். அந்த ஆண்டே தொழிலாளர் மத்தியில் பணியாற்றத் தனியாக ஒரு பாதிரிமார் குழுவை அவர் அமைத்தார்.

அதே 1943இல் ஹிட்லரின் ஆட்சி பிரெஞ்சு இளைஞர்களை லட்சக்கணக்கில் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்றது. அவர்களோடு பாதிரிகள் போக நாஜிகள் அனுமதிக்கவில்லை. ஆகவே சிலர் தாம் பாதிரி என்பதை மறைத்து, சாதாரணத் தொழிலாளியாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி பெரேன் என்ற ஏசு சபைத் துறவி. கெஸ்டபோ போலீஸ் அவரைக் கண்டுபிடித்துச் சிறையில் அடைத்தது. யுத்தத்துக்குப் பின் அவர் அந்த நாட்களின் குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

யுத்தம் முடிந்ததும் இந்தப் பாதிரிகள் கோயில் பங்களாவுக்குத் திரும்பவில்லை. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, உலோக ஆலைகளிலும் துறைமுகங்களிலும் அணைக்கட்டு வேலைகளிலும் கூலிக்குச் சேர்ந்தார்கள். தொழிலாளர் வசிக்கும் அதே நெருக்கடியான வீடுகளில் வாடகைக்கு அறை எடுத்தார்கள். காணிக்கையில் பிழைக்காமல் வாரக் கூலியில் பிழைத்தார்கள். மாலையில் வேலை முடிந்து வந்து சமையலறை மேசைமீதே பூசை வைத்தார்கள். நாடு முழுவதும் சேர்த்து இவர்கள் ஏறத்தாழ 100 பேர்தான். சங்கத் தோழர்கள் முதலில் இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், பார்க்காமல் இருப்பார்களா? முதலாளியின் பக்கத்திலேயே பாதிரியைக் கண்டு பழகிய கண்கள் அவை.

ஆறுதல் சொல்லலாம், நல்வழி காட்டலாம் என்று எண்ணித்தான் இவர்கள் உள்ளே போனார்கள். போன இடத்தில் கண்டது வேறு. குடிக்கிறானே, கோயிலுக்கு வருவதில்லையே என்று வெளியிலிருந்து தாம் குறை கூறிய அதே மனிதன், பக்கத்து ஆள் மயங்கி விழுந்தால் அவன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்கிறான். ஒருவனை வேலையை விட்டு நீக்கினால் எல்லோரும் காசு சேர்த்து அவன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மேஸ்திரி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு துண்டுக் கணக்கைக் கூட்டும்போது தனி மனிதனின் நல்லொழுக்கம் ஒன்றும் உதவுவதில்லை; நாலு பேர் சேர்ந்து நின்றால்தான் கணக்கு இறங்குகிறது. வேலைநிறுத்த நாளில் பாதிரி எங்கே நிற்பது? உள்ளே போனால் கருங்காலி. வெளியே நின்றால் சங்கத்தான். நடுவே நிற்க அங்கே இடமே கிடையாது.

ஆகவே அவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள் தலைமையில் இருந்த பொதுத் தொழிலாளர் சம்மேளனத்திலேயே சேர்ந்தார்கள். ஏனென்றால் தொழிலாளி அங்கேதான் இருந்தான். சிலரைத் தொழிலாளர்களே சங்கப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1951 ஏப்ரலில் போர்தோ துறைமுகத்தில் மிஷேல் ஃபவ்ரோ என்ற இளம் பாதிரி, மேலிருந்து விழுந்த சரக்குக்கு அடியில் நசுங்கி மாண்டார். துறைமுகத் தொழிலாளி எப்படிச் சாவானோ அப்படியே செத்தார். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கம்யூனிஸ்டுகள் இவர்களை மயக்கிவிட்டார்கள் என்று அன்றைய முதலாளி வர்க்கப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. இயந்திரத்தின் வேகம் கூடினால் முதுகு வலிக்கும் என்பதை ஒரு பாதிரிக்குக் கம்யூனிஸ்டு வந்தா சொல்லிக் கொடுக்க வேண்டும்? அவர் முதுகே சொல்லிற்று.

ரோமாபுரியும் சும்மா இருக்கவில்லை. 1949 ஜூலை 1ஆம் தேதியன்றே ஒரு கட்டளை பிறந்திருந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்வதோ ஆதரிப்பதோ கூடாது. கம்யூனிஸ்டு ஏடுகளை வெளியிடுவதும் எழுதுவதும் படிப்பதும் கூடாது. தெரிந்தே செய்பவருக்குத் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்படும். (இப்படிப்பட்ட ஓர் ஏட்டை அன்று கையில் பிடித்திருந்த கத்தோலிக்கத் தொழிலாளிக்கு நற்கருணை கிடையாது என்று பொருள்!) 1951இல் புதிதாகப் பாதிரிகளை ஆலைக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1952 மே 28ஆம் தேதி, அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயின் வருகையை எதிர்த்துப் பாரிசில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் பிடித்து அடித்தவர்களில் இரண்டு பேர் பாதிரிகள் என்று தெரிந்தபோது நாடே திகைத்தது.

1953இல் நிறுத்தும்படி உத்தரவு வந்தது. பிரெஞ்சுக் கர்தினால்மார் மூவர் ரோமாபுரிக்கே சென்று மன்றாடினார்கள். அதை நாம் மறுக்கவில்லை. திருச்சபையில் எல்லோரும் ஒரே மாதிரி என்று எழுதுவது பொய்யாகும். ஆனால் அவர்கள் பெற்று வந்தது என்ன? 1954 ஜனவரி 19ஆம் தேதி பிஷப்புகள் பாதிரிகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். மார்ச் 1ஆம் தேதிக்குள் முழுநேர வேலையை விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உடலுழைப்பு கூடாது. சங்கப் பொறுப்புகளைத் துறக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் தனியே வசிக்காமல் பாதிரிகளோடு சேர்ந்து வசிக்க வேண்டும்.

மூன்று மணி நேரம்! எந்த ஆலையில் மூன்று மணி நேர ஷிப்டு இருக்கிறது? எந்த முதலாளி அதற்குக் கூலி கொடுப்பான்? கடிதம் எழுதியவர்களுக்கு இது தெரியாது என்று நாம் நம்பத் தயாராயில்லை.

தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏழைக்குக் கஞ்சி ஊற்றிய பாதிரி எவரையும் ரோமாபுரி தடுக்கவில்லை. அநாதை விடுதி நடத்தியவரை, குஷ்டரோகிகளுக்கு மருந்து போட்டவரை யாரும் திரும்பி வரச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது பெரிய தொண்டு. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். பசித்தவனுக்கு முதலில் சோறு வேண்டும். ஆனால் கஞ்சி ஊற்றும்போது ஊற்றுகிறவர் நிற்கிறார், வாங்குகிறவன் உட்கார்ந்திருக்கிறான். சங்கக் கூட்டத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சந்தா கட்டுகிறார்கள். முந்தையதற்கு முதலாளியே நன்கொடை கொடுப்பான். பிந்தையதில் பாதிரி உட்கார்ந்த அன்று முதலாளியிடமிருந்து புகார் போயிற்று.

73 பாதிரிகள் ஒன்றுசேர்ந்து பகிரங்க அறிக்கை விட்டார்கள். சோற்றுக்கும் சுதந்திரத்துக்கும் சமாதானத்துக்குமாகத் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு வரும் வேளையில், தொழிலாளி வாழ்வையே கைவிடும்படி எங்களிடம் சொல்கிறார்கள் என்று அதில் முறையிட்டார்கள். கடைசியில் ஏறத்தாழப் பாதிப் பேர் கீழ்ப்படிந்து வெளியேறினார்கள். மறுபாதி ஆலையிலேயே தங்கிவிட்டார்கள். யாரையும் நாம் குறை சொல்லவில்லை. குருப்பட்டமா, கூட்டாளிகளா என்று கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. அணைக்கட்டுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஹென்றி பெரேன் அந்த ஆண்டு அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார். இவர்களுக்குப் பரிந்து எழுதிய வேதசாஸ்திரிகளும் பாரிசை விட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் விசேஷம். 1955 மே 1ஆம் தேதி, போப் 12ஆம் பயஸ் மே தினத்தைத் தொழிலாளியான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். தச்சு வேலை செய்தவருக்குத் திருவிழா. ஆலையில் வேலை செய்த பாதிரிகளுக்குத் தடை! 1959இல், தொழிற்சாலை வேலையும் குருத்துவ வாழ்வும் ஒத்துவராது என்று மற்றொரு கடிதம் வந்து, மிச்சமிருந்த கதவையும் சாத்தியது.

எனினும் கதவு சாத்தியே இருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த 1965 அக்டோபரில், பாதிரிகள் மறுபடியும் முழுநேரத் தொழிலாளியாகச் செல்ல அனுமதி வந்தது. முதலில் சிறு எண்ணிக்கையில் போனார்கள். பிறகு சில நூறாகப் பெருகினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பாவம் போல் நடத்தப்பட்டது எப்படி அனுமதியாயிற்று? உள்ளேயிருந்து விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். வெளியே, உலகெங்கும் தொழிலாளி வர்க்கத்தின் பலத்தைக் காணாததுபோல் இருக்க எவராலும் முடியவில்லை.

பிரான்சில் தண்டனை திருச்சபையிலிருந்து வந்தது. நம் நாட்டில் அது சர்க்காரிடமிருந்து வரக் கண்டோம். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஏசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டு ஆதிவாசிகளிடையே பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களுக்கு வேட்டி சேலை வழங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு விருதுகூடக் கிடைத்திருக்கும். அவரோ, ஆதிவாசி நிலத்துக்கு அரசியல் சட்டம் கொடுத்த பாதுகாப்பு ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று கேட்டார். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் சென்றார். 2020 அக்டோபர் 8ஆம் தேதி, 80 வயதைத் தாண்டிய அவரைத் தேசியப் புலனாய்வு முகமை உபா சட்டத்தின்கீழ்க் கைது செய்தது. நடுக்குவாத நோயால் கைநடுங்கிய கிழவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை வேண்டுமென்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலே, ஜாமீனும் கிடைக்காமலே, 2021 ஜூலை 5ஆம் தேதி, 84ஆம் வயதில், காவலில் இருந்தபடியே பம்பாய் ஆஸ்பத்திரியில் மாண்டார்.

பாதிரி என்றாலே பணக்காரனின் ஆள் என்று பேசும் தோழர்கள் இவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? சங்கக் கூட்டத்தில் கழுத்தில் சிலுவை போட்டு வந்த தொழிலாளியைப் பார்த்து, "உங்கள் சாமி போனஸ் வாங்கிக் கொடுக்குமா?" என்று கேலி பேசுகிறவர்களை நாம் கண்டிக்கிறோம். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் நம் கருத்து எல்லோரும் அறிந்ததே. அந்த விவாதத்தை ஆலை வாசலில் தொடங்கி, வேலைநிறுத்த ஓட்டெடுப்பில் நாலு ஓட்டைத் தொலைப்பது முதலாளிக்குச் செய்யும் சேவை.

அதேபோல் கிறிஸ்தவத் தொழிலாளத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் கோயிலுக்குக் கூலிவேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்: பெருக்குகிறவர், பள்ளிக்கூடத்து ஆயா, தோட்டத்தில் தேங்காய் பறிக்கிறவர். 1891ஆம் ஆண்டு மடல் குறிப்பிடும் கூலி, பிழைக்கப் போதுமான கூலி, அவர்களுக்குக் கிடைக்கிறதா? கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் பற்றி யார் பேசுவது? நாம் வெளியிலிருந்து சொன்னால் மதத்தில் தலையிடுகிறோம் என்பார்கள். நீங்கள் சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது.

கிளைச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. மே தினத்தன்று கிறிஸ்தவத் தொழிலாளிக்கு இரண்டு அழைப்பு வருகிறது: காலையில் சூசையப்பர் திருநாள் பூசை, சங்க வாசலில் கொடியேற்றம். பல ஊர்களில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் அவர் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள். யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை அன்றைக்குக் கோயிலில் வாசிக்க முடியுமா என்று மரியாதையோடு கேளுங்கள். பூசை எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் விசாரித்துக்கொண்டு, கொடியேற்றத்தை அதற்கு அரைமணி பின்னால் வையுங்கள்.